அடக்கிய மூச்சு

நாச்சிமுத்துவின் நெஞ்சுக்குள் வைக்கப்போகும் வால்வுகளுக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாவற்றையும் இனிமேல்தான் அவை கற்றுக்கொள்ளும் என்று டாக்டர் ஷமீனா சொன்னார்.

"கத்தி இல்லை, தையல் இல்லை. வாய் வழியா ஒரு மெல்லிய குழாயை விட்டு உள்ளே வெச்சிட்டு வந்துடுவோம். ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

கோகிலாமணிக்கு இது போதவில்லை. காம்பைக் கிள்ளிப் பார்க்காமல் ஒரு வெண்டைக்காய்கூட வாங்காதவள் அவள். புருஷன் நெஞ்சுக்குள் எதையோ வைக்கிறேன் என்றால் சும்மா விடுவாளா?

"வெச்சா அது என்ன பண்ணுமுங்க?"

"இவர் நுரையீரல் பழைய பலூன் மாதிரி தொய்ஞ்சு போச்சும்மா. உள்ளே போன காத்து வெளியே வர மாட்டேங்குது. பழைய காத்தே இடத்தை அடைச்சிட்டு உக்காந்திருக்கு, புதுசுக்கு இடமில்லை. அதான் நாலு எட்டு வெச்சா இரைக்குது. கெட்டுப்போன பகுதியோட வாசல்ல வால்வை வெச்சு மூடிட்டா அது சுருங்கிடும். மிச்சமிருக்கிற நல்ல பகுதி விரிஞ்சு வேலை செய்யும்."

"அது பழைய வைத்தியமுங்களே? எங்க வீதியிலயே ஒருத்தருக்குப் பண்ணுனாங்க."

டாக்டர் சிரித்தார். "அது வெறும் கதவு. இது வாட்ச்மேன். சாருக்கு நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கு. எதை எப்ப மூடணும், எப்ப திறக்கணும்னு நேரத்துக்கு நேரம் மாறும். இந்த வால்வுங்க அவர் மூச்சையும் சுத்தி கேக்கிற சத்தத்தையும் கவனிச்சுக்கிட்டே இருக்கும். படி ஏறப் போறார்னா முன்கூட்டியே திறக்கும். தூங்கப் போறார்னா பாதியை மூடிக்கும். அவரோட வாழ்க்கையைப் பார்த்து அதுவே கத்துக்கும்."

"என்ற வாழ்க்கையப் பாத்துக் கத்துக்கிட்டா, அது உருப்பட்டாப்பலதான்" என்றார் நாச்சிமுத்து, இரண்டு இரைப்புகளுக்கு நடுவில். சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத் தூசி பாதி, சிகரெட் பாதி என்று நெஞ்சைப் பங்கு போட்டுத் தின்றிருந்தன. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

வால்வு வைப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. தனியாகப் படுக்கப் பயந்து, மனைவியும் கூட வர வேண்டும் என்று நாச்சிமுத்து அடம்பிடித்தார். கதவருகே நின்ற நர்ஸ் கோகிலாமணியின் காலைப் பார்த்தாள்.

"உள்ளே உலோகம் கூடாதும்மா. தங்கம் பரவாயில்லை, மெட்டியை மட்டும் கழட்டிட்டு வாங்க."

கோகிலாமணி குனிந்ததுதான் தாமதம், நாச்சிமுத்து ஆக்ஸிஜன் முகமூடியை இழுத்து எறிந்தார். "எவடி அவ? நான் உசுரோட இருக்கறப்ப என்ற பொண்டாட்டி எதுக்கு மெட்டியக் கழட்டோணும்? என்னை இன்னிக்கே பாடையில ஏத்தறீங்களா?" அதற்குமேல் பேச மூச்சில்லை. உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் பயந்துபோய் அவரை மட்டும் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கோகிலாமணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபித்துக்கொண்டாலும் தன் சுமங்கலித்தனத்துக்காகத்தானே கோபித்துக்கொண்டார் என்று அவளுக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவம்.

வால்வுகள் நன்றாகத்தான் வேலை செய்தன. வீட்டிலிருந்து வாசல் கேட் வரைக்கும் நடக்க முடியாத மனிதர், வீதிமுனை டீக்கடை வரை போய் வந்தார். கேட்டோரம் நாற்காலி போட்டு, போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி வம்பளந்தார். கோகிலாமணி மருதமலைக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க! சாப்பிட வாங்க!"

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தால், மனுஷன் கேட்டைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். உள்ளே எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் சாத்திக்கொண்டதுபோல ஒரு துளிக் காற்றுகூடப் போகவில்லை. பதறி ஓடி, "ஏனுங்க! ஏனுங்க! என்னாச்சுங்க?" என்று உலுக்கினாள். உலுக்க உலுக்க முகம் கறுத்தது. அக்கம்பக்கத்தார் வந்து அவளை இழுத்து ஓரமாக உட்கார வைத்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

அந்த வாரத்தில் மறுபடியும் இரண்டு தடவை அப்படி நடந்தது. இரண்டு தடவையும் கூப்பிட்டது அவள்தான்.

டாக்டர் ஷமீனா வால்வுகள் பதிந்து வைத்திருந்ததைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். பிறகு சங்கடத்தோடு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"சார், அம்மா உங்களை 'ஏனுங்க'ன்னு கூப்பிட்டதும் நீங்க மூச்சை அடக்கறீங்க. ஒவ்வொரு தடவையும். இவர் மூச்சை நிறுத்தப் போறார், காத்து தேவைப்படாதுன்னு வால்வுங்க புரிஞ்சுக்கிட்டு முன்னாடியே மூடிக்குது. எதுக்கு சார் அடக்கறீங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். புரிந்துகொண்டவள் கோகிலாமணிதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கல்யாணமான புதிதிலிருந்தே அவர் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றுதான் சிகரெட் பிடிப்பார். அடுப்படி வாசலில் நின்று "ஏனுங்க" என்று குரல் கொடுப்பாள். சிகரெட் வேலிக்கு அந்தப் பக்கம் பறக்கும். இழுத்த புகையை நெஞ்சுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல நிற்பார், அவள் திரும்பிப் போகும் வரைக்கும். கையில் சிகரெட் இல்லாதபோதும் அந்தக் குரலுக்கு நெஞ்சு தானாக நின்று பழகிவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும். பாதி சிகரெட்டாவது மிச்சமாகட்டுமே என்று, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் கூப்பிடுவாள். புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் அந்தக் குரலைக் கொடுத்தாள்.

இதை டாக்டரிடம் சொல்லி முடித்ததும் நாச்சிமுத்து நிமிர்ந்தார். "நீ கூப்பிடாம இருந்திருந்தா ஊதி வெளிய விட்டிருப்பேன். உள்ள வெச்சு வெச்சுத்தானே நெஞ்சு இப்படி ஆயிப்போச்சு" என்றார்.

அது நியாயமில்லை என்று டாக்டருக்குத் தெரியும். ஆனாலும், "கொஞ்ச நாளைக்கு அம்மா அவர் காதுல படற மாதிரி பேச வேண்டாம்" என்றார். "இந்த வார்த்தைன்னு இல்லை, உங்க குரலே அதுக்குப் பழகிப்போச்சு. நாங்க ஒரு வழி பாக்கறோம்."

கோகிலாமணி அங்கேயே, அந்த நிமிஷமே வாயை மூடினாள்.

சும்மாவா? வாசலில் காய்க்காரன் வண்டி நின்றால் அவள் பேரம் பேசுவது வீதிக்கே கேட்கும். அப்படிப்பட்டவள் இப்போது விரலைக் காட்டித் தக்காளி வாங்கினாள். ஓசூரில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டால், மோட்டார் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தாள். சாப்பாடு ஆனதும் அவர் எதிரே வந்து நிற்பாள். வீட்டில் அவளுடைய சத்தம் என்று மிஞ்சியது மெட்டிச் சத்தம் ஒன்றுதான். ஓய்வு பெற்றபோது அவர் ஆசையாகப் போட்ட கிரானைட் தரையில் அது டிக் டிக்கென்று கேட்கும். அடுப்படியில் இருக்கிறாளா, பூஜை அறையில் இருக்கிறாளா என்று அதை வைத்துத்தான் நாச்சிமுத்து தெரிந்துகொள்வார். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவாள். ஆனால் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால் என்ன செய்வது என்று கீழே மருந்துக்கடை பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அவர் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார். "அதேதான். நீ பேசக் கூடாதாம்" என்பார்.

நாளாக நாளாக அவருக்கு இது பிடித்துப்போனது. வந்தவர்களிடமெல்லாம், "என்ற பொண்டாட்டி வாய மூடறதுக்கு விஞ்ஞானமே வர வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். ரசத்தில் உப்பில்லை என்றார், இருந்தது. இந்த வீட்டுக்கு அவள் என்ன கொண்டுவந்தாள் என்றார். செத்துப்போன அவள் அம்மாவைப் பற்றிப் பேசினார். முன்பெல்லாம் இதில் கால்வாசி பேசியிருந்தால் அன்றைக்கு அவருக்கு வீட்டில் சோறு கிடைத்திருக்காது. இப்போது கோகிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவர் மூச்சு தன் தொண்டையில் இருக்கிறது என்ற பயம் அவளுக்கு.

ஐந்தாவது மாதம் அவள் தம்பி செந்தூரன் பல்லடம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். போனை எடுத்தவர் நாச்சிமுத்துதான். கூடத்தின் நடுவில் அவளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அவளுக்குப் பதினொரு வயது இளையவன், இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவன். அடிவயிற்றிலிருந்து ஓலம் கிளம்பி அவள் வாய் திறந்தது. நாச்சிமுத்து ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் ஆட்காட்டி விரலை உதட்டில் வைத்தார்.

முந்தானையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டு அவள் மோட்டார் ரூமுக்கு ஓடினாள். மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். சாவு வீட்டிலும் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால், ஊரே ஒப்பாரி வைத்தபோது அவள் ஒருத்தி மட்டும் வாயில் துணியோடு நின்றாள். கூடப் பிறந்தவளுக்குக் கண்ணீர் வந்ததே தவிரக் குரல் வரவில்லை பார் என்று தம்பி பெண்டாட்டி எல்லோரிடமும் சொன்னாள். அதற்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

தம்பியின் காரியம் முடிந்து சில வாரங்கள் இருக்கும். ஒரு சாயங்காலம் கூடத்தில் புகை வாடை வந்தது. கோகிலாமணி ஓடிப்போய்ப் பார்த்தாள். நாச்சிமுத்து சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரூமுக்குப் பின்னால்கூட இல்லை. நடுக்கூடத்தில்.

அவள் கைகளை ஆட்டினாள். தலையில் அடித்துக்கொண்டாள். சிகரெட்டைப் பிடுங்கப் போனாள். கையை மேலே தூக்கிக்கொண்டு அவர் சிரித்தார்.

"என்ன? பேசு. வாயத் தொறந்து சொல்லு பாக்கலாம்."

அவள் நின்றாள். புகையை அவள் முகத்துக்கு நேராக விட்டார். "உன்ற தம்பி செத்தப்பவே சத்தம் வரல. இப்ப எங்கருந்து வரப்போகுது?"

கோகிலாமணி கைகளைக் கீழே போட்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். ஏழு மாதமாகப் புழங்காத தொண்டையை ஒரு தடவை கனைத்துச் சரிசெய்துகொண்டாள். அவரை நேராகப் பார்த்து, அடுப்படி வாசலில் நின்று கூப்பிடும் அதே குரலில், நிதானமாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க."

பழக்கதோஷம் விடவில்லை. சிகரெட் பிடித்த கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. நெஞ்சு புகையோடு நின்றது. கோகிலாமணி பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் எடுக்க ஓடவில்லை, போனைத் தேடவில்லை, அக்கம்பக்கத்தைக் கூப்பிடவில்லை. முகம் எப்போது கறுக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகம் கறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மூக்கிலிருந்து புகை சாவகாசமாக வெளியே வந்தது. ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அடுத்ததும் போயிற்று. குழந்தை மூச்சு விடுகிறாற்போல சுகமாக விட்டார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டாக்டரம்மா... வால்வு கத்துக்கிட்டத அழிச்சிருச்சு" என்றார் நாச்சிமுத்து. சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. "நீ பேசுனா ஒண்ணும் ஆவாதுன்னுச்சு. வீட்ல நானே சொல்லிக்கறேன்னு சொல்லியிருந்தேன். அப்புறம்... சொல்லல."

"எப்ப?"

"ரெண்டாவது மாசம்."

கோகிலாமணி மனதுக்குள் மாதங்களைத் திருப்பிப் பார்த்தாள். வாயில் முந்தானைத் துணியின் ருசி இன்னும் இருந்தது.

"அப்ப, என்ற தம்பி செத்த அன்னிக்கு?"

அவர் கையிலிருந்த சிகரெட்டின் சாம்பல் உதிர்ந்தது. அவள் குனிந்து, தரையில் விழுந்திருந்த சாம்பலை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போனாள். டிக், டிக், டிக் என்று மெட்டிச் சத்தம் அடுப்படி வரை போய் நின்றது.

இனிமேல் பிடிபிடியென்று பிடிப்பாள், ஏழு மாதத்துக்கும் சேர்த்து ஏசுவாள் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தார். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஏங்கினார். அவள் பேசவே இல்லை. முன்பு அவருக்காகப் பேசாமல் இருந்தவள், இப்போது தனக்காகப் பேசாமல் இருந்தாள். வேளாவேளைக்குச் சோறு வந்தது, மாத்திரை வந்தது, வெந்நீர் வந்தது. எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர் பார்த்துவிட்டாரே. முகம் கறுக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்ற அந்தப் பார்வையை அவர் பார்த்துவிட்டார். இவள் கூப்பிட்டாள். கூப்பிட்டால் நான் செத்துப்போவேன் என்று நம்பிக்கொண்டே கூப்பிட்டாள். அன்றிலிருந்து காப்பியை முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார். மாத்திரையின் பெயரை இரண்டு தடவை படித்தார். மத்தியானத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடியபடி மெட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். அடுப்படியில் இருக்கிறாள். பூஜை அறைக்குப் போகிறாள். இதோ, இந்தப் பக்கம் திரும்புகிறாள். எங்கே நிற்கிறாள் என்று காதைத் தீட்டிக் கேட்பதற்காக மூச்சை அடக்கிக்கொள்வார்.

வால்வுகள் கவனித்துக்கொண்டிருந்தன.

மூச்சு மறுபடியும் அடைக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை கோகிலாமணியும் டாக்டர் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தாள். டாக்டர் ஷமீனா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"மறுபடியும் ஒரு சத்தத்துக்கு மூடிக்குது. குரல் இல்லை. ஏதோ சின்ன உலோகம் தரையில தட்டற மாதிரி, விட்டு விட்டு. அது கேட்டதும் சார் மூச்சை அடக்கறார். கூடவே நாடித்துடிப்பு எகிறுது. பயந்தாத்தான் இப்படி எகிறும். வீட்ல எதைப் பார்த்து சார் பயப்படறீங்க?"

நாச்சிமுத்து தன்னையறியாமல் மனைவியின் காலைப் பார்த்தார். கோகிலாமணி பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்வது? பெண்டாட்டியைப் பார்த்துப் பயம் என்றா? ஏன் பயம் என்று டாக்டர் கேட்டால், குணமான பிறகும் அவளை ஊமையாக வைத்திருந்தேன் என்றா? இருநூறு பேரை மில்லில் மேய்த்த சூப்பர்வைசர் அவர்.

"பயமா? எனக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

"போன தடவை மாதிரி அழிச்சுப் பாக்கலாமே?" என்று அவரே கேட்டார்.

"அழிக்கலாம் சார். அப்ப நீங்க சிகரெட்டை விட்டுட்டதா சொன்னீங்க, காரணமே போயிடுச்சு, அதனால திரும்பக் கத்துக்கலை. இப்ப காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கே. அழிச்ச வேகத்துல மறுபடி கத்துக்கும். எடுத்துடலாம்னா, மறுபடி புகை போன இந்த நுரையீரல் வால்வு இல்லாம தாங்காது. ஒண்ணு அந்தப் பயத்தை நிறுத்துங்க, இல்லாட்டி அந்தச் சத்தத்தை நிறுத்துங்க." பிறகு கோகிலாமணியைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமாம்மா, வீட்ல அது என்ன சத்தம்னு?"

கோகிலாமணி டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள். தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள்.

கார் வீடு வந்து சேர்ந்தது. உள்ளே வந்ததும் நாச்சிமுத்து கூடத்தின் கடைசியில் கிடந்த சாய்வு நாற்காலியில் விழுந்தார். அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். அவள் நடந்த நாலு எட்டுக்கே அவர் நெஞ்சு சுவரில் முட்டியதுபோல நின்று, பிறகு மெல்லத் திரும்பியது. பால் பொங்கும் வாசனை வந்தது. டம்ளரில் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. அடுத்து என்ன சத்தம் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

"கோகிலா" என்று கூப்பிட்டார். அந்தப் பெயரை அவ்வளவு மெதுவாக அவர் கூப்பிட்டதே இல்லை.

அடுப்படி வாசலில் வந்து நின்றாள், கையில் காப்பியோடு.

"அந்த மெட்டியக் கழட்டிரு கண்ணு. உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன்."

கும்பிடவும் செய்தார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். இரண்டு காலிலும் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தேய்ந்து பளபளவென்று மின்னின, அவளை அம்மி மிதிக்க வைத்து அவர் போட்டுவிட்ட மெட்டிகள். அவள் வாய் திறந்தாள்.

"நீங்க உசுரோட இருக்கறப்ப நான் எதுக்குங்க மெட்டியக் கழட்டோணும்?"

காப்பி ஆறிப்போய்விடும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூடத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த அவரை நோக்கி அவள் அவசரமில்லாமல் நடந்தாள்.